தரை தொடாத எட்டு வாரம்

ஓடுகிற பேருந்தில் எதையும் பிடிக்காமல் நின்று டிக்கெட் கொடுக்கப் பழக எனக்கு ஆறு மாதம் ஆனது. அதன்பிறகு பதினான்கு வருடம் நிற்பதைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. திருவனந்தபுரத்திலிருந்து போனக்காடு போகும் வண்டியில் கண்டக்டர் வேலை. நகரத்து நெரிசலில் கிளம்பி, தேயிலைத் தோட்டத்து வளைவுகளில் போய் முடியும் பாதை. வளைவு வருவதற்கு முன்பே இடுப்பு தானாகச் சாய்ந்து கொடுக்கும், பாதங்கள் தாமாக அகன்றுகொள்ளும், கண்ணும் கையும் டிக்கெட் மெஷினில் இருக்கும். அப்படிப்பட்டவள் போன மழைக்காலத்தில் ஒற்றைக் காலில் பத்து நொடி நிற்க முடியாமல் மருத்துவமனைக் கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தேன்.

இப்போது நன்றாக இருக்கிறேன். எழுதத் தெம்பு வந்திருக்கிறது. பாதத்தில் ஆபரேஷன் என்றால் எல்லோரும் கத்தியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். என் ஆபரேஷன் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. வீட்டுக்கு வந்தபின் எதைப் பிடித்துக்கொண்டு நடப்பது என்று கண்டுபிடிக்கத்தான் மூன்று வாரம் ஆனது. இடையில் ஒரு தடவை விழவும் செய்தேன்.

அன்று வண்டி விதுரையைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. பின்சக்கரத்துப் பக்கம் டக் டக் என்று சத்தம். டயர்களுக்கு நடுவே கல் மாட்டியிருக்கும் என்று டிரைவர் பிஜு ஓரம் கட்டினான். பிஜு நெடுமங்காட்டுப் பையன், என்னைவிடப் பத்து வயது இளையவன், நாலு வருடமாக என்னோடு ஒரே வண்டியில் ஓடுகிறவன். கல்லைப் பார்க்க நான் இறங்கினேன். மழை தூறிக்கொண்டிருந்தது. தார் முடிந்து மண் தொடங்கும் விளிம்பில் இடது காலின் முன்பகுதி அழுந்தி நின்றுவிட்டது. உடம்பு மட்டும் திரும்பியது. ஈரத்துணியைப் பிழிந்த மாதிரி உள்ளே ஏதோ முறுகியது.

"எந்து பற்றி, சேச்சி?" என்ன ஆச்சு அக்கா என்று கேட்டுக்கொண்டே பிஜு ஓடி வந்தான்.

"ஒண்ணுமில்லடே, சுளுக்கு."

மறுநாள் ஒரு கிளினிக்கில் படுக்க வைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். முறிவு ஒன்றும் தெரியவில்லை. கட்டுப் போட்டு, இரண்டு நாள் படுத்திருந்து, வேலைக்குப் போய்விட்டேன். வலித்தது. கண்டக்டர் இருக்கையில் உட்கார்ந்து சமாளித்தேன். வலி போகும் போகும் என்று ஒன்பது நாள் ஓட்டினேன்.

என் வீட்டுக்காரர் செல்வின் டைல்ஸ் வேலை செய்கிறவர். எங்கள் இருவருக்கும் ஊர் பாறசாலைப் பக்கம். கல்யாணத்துக்குப் பிறகு திருவனந்தபுரத்துக் கரமனையில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். பத்தாம் நாள் காலையில் கட்டை அவிழ்த்து எண்ணெய் தேய்க்க உட்கார்ந்தவர் கையை எடுத்துவிட்டார்.

"கிரேஸு, உள்ளங்கால்ல எதுக்கு நீலம் பாஞ்சிருக்கு?"

"சுளுக்கு இறங்குது."

"சுளுக்கு மேலத்தான நிக்கும்? அடியில எப்பிடி வரும்? எந்திரி, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவம்."

எலும்பு டாக்டரின் அறைக்கு வெளியே மூன்று மணி நேரம் காத்திருந்தோம். அந்த நீலத்தைப் பார்த்ததுமே அவர் முகம் மாறியது. இந்த முறை என்னை இரண்டு காலிலும் எடை கொடுத்து நிற்க வைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தை வெளிச்சத்தில் வைத்து டாக்டர் விரலால் தொட்டுக் காட்டினார். வலது பாதத்தில் எலும்புகள் நெருங்கி நின்றன. இடதில் பெருவிரல் எலும்புக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு கறுப்பு இடைவெளி.

செல்வின் டைல்ஸ் இடுக்கைப் பார்ப்பதுபோல் எட்டிப் பார்த்தார். "ஜாயிண்ட் விட்டுப் போச்சி, இல்லியா டாக்டர்?"

டாக்டர் சிரித்துவிட்டார். அதேதான் என்றார். பாதத்தின் நடுவில், விரல்களுக்குப் போகிற நீண்ட எலும்புகளும் கணுக்கால் பக்கத்துச் சிறு எலும்புகளும் சேர்கிற இடத்தில் அவற்றைக் கட்டி வைத்திருக்கும் நார் அறுந்திருக்கிறது. பாதம் ஒரு வளைவு. அந்த நார்தான் வளைவைத் தாங்குகிறது. படுத்துக்கொண்டு எடுத்தால் எடை விழாது, அதனால் இடைவெளியும் தெரியாமல் போவதுண்டு. நிற்கும்போதுதான் குட்டு வெளிப்படும். தகடு வைத்து ஸ்குரூ போட்டு எலும்புகளைப் பழைய இடத்தில் நிறுத்த வேண்டும். விட்டுவைத்தால் பாதம் தட்டையாகி, ஆயுளுக்கும் வலி.

"என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்று கேட்டார்.

"கண்டக்டர்."

அவர் செல்வினைப் பார்த்தார். பிறகு என்னிடம், "ஆபீஸில் உட்கார்ந்து செய்கிற வேலை கேட்டால் கிடைக்குமா?" என்றார்.

எலும்பு விலகிய செய்தியைத் தாங்கிக்கொண்ட எனக்கு இந்தக் கேள்வி தாங்கவில்லை. என் வேலையை எத்தனையோ பேர் வெயிலும் மழையும் கைச்சண்டையுமான வேலை என்பார்கள். எனக்கு அது பிடிக்கும். அதிகாலையில் பனி இறங்கிய வளைவுகளில் வண்டி ஏறும்போது எனக்கு இருக்கிற பெருமை எந்த மேஜைக்குப் பின்னாலும் கிடைக்காது. அன்றைக்கே மனதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டேன்: திரும்ப அந்த வண்டியில் நிற்பேன்.

உடனே ஆபரேஷன் நடக்கவில்லை. பத்து நாள் நடந்து திரிந்ததில் பாதம் வீங்கிப் பளபளவென்று இருந்தது. அந்தத் தோலை வெட்டினால் மூடாது. வீக்கம் வடிந்து தோலில் சுருக்கம் விழ வேண்டும் என்றார்கள். காலைத் தலையணைகள் மேல் ஏற்றி வைத்துக்கொண்டு வார்டில் கிடந்தேன். துணைக்கு என் அண்ணன் மனைவி மேபல் மைனி பாறசாலையிலிருந்து வந்திருந்தார். தினமும் காலையில் காப்பியைக் கொடுத்துவிட்டுக் குனிந்து பாதத்தைப் பார்ப்பார்.

"சுருக்கம் வந்திட்டா மைனி?"

"இல்ல மக்கா. மினுமினுன்னு இருக்கு."

நாற்பத்து மூன்று வயதுப் பெண் சுருக்கம் விழ வேண்டும் என்று ஜெபம் பண்ணிக்கொண்டு கிடந்தது அந்த வார்டில்தான் நடந்திருக்கும். ஐந்தாம் நாள் மைனி, "வந்திட்டு! கிரேஸுக்குச் சுருக்கம் வந்திட்டு!" என்று கத்தியதில் எதிர்க் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள்.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்க வைத்தார்கள். நான் விழித்துத்தான் இருந்தேன். பச்சைத் துணிக்கு அப்பால் என் கால் இருக்கும் திசையில் துளை போடும் சத்தம் கேட்டது. செல்வின் சுவரில் துளை போடும்போது கேட்கிற அதே சத்தம். அது பயமாக இருந்திருக்க வேண்டும். எனக்கோ தெரிந்த ஒருவர் பக்கத்தில் வேலை செய்கிற மாதிரித் தோன்றியது.

மறுநாள் டாக்டர் வந்து ஒரே ஒரு கட்டளை போட்டார். எட்டு வாரம் இந்தப் பாதம் தரையில் படக் கூடாது. விரல் நுனிகூட. எலும்பு கூடும் முன் எடை விழுந்தால் ஸ்குரூ வளையும், இல்லையென்றால் உடையும், வளைவு சரியும். அப்புறம் செய்வதற்கு அதிகமில்லை.

அவர் போனதும் அஞ்ஜனா வந்தாள். பிசியோதெரபிஸ்ட், இருபத்தேழு வயது இருக்கும், கொல்லத்துக்காரி. கையில் ஒரு வாக்கரும் இரண்டு கக்கத்துக் கட்டைகளும். நான் கட்டைகளைக் கேட்டேன்.

"வாக்கர் கிழவிகளுக்கு. பதினாலு வருஷம் ஓடுற பஸ்ஸில நின்னவ நான்."

கொடுத்தாள். இரண்டடி வைத்தேன். மூன்றாவதில் உடம்பு முன்னால் போய், கட்டைகள் பின்னால் நின்று, அவள் என் இடுப்பில் கட்டியிருந்த பெல்ட்டைப் பிடித்து இழுக்காவிட்டால் முகம் தரையில் விழுந்திருக்கும். கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தது அப்போதுதான்.

"பஸ்ஸில் சேச்சிக்கு ரெண்டு காலுண்டாயிருந்நு," என்றாள் அஞ்ஜனா, சிரிக்காமல்.

பஸ்ஸில் எனக்கு இரண்டு கால் இருந்ததாம். உண்மைதான். கட்டைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாக்கரைப் பிடித்தேன்.

கட்டையைப் பற்றிய ஒரு விஷயத்தை அன்று அவள் சொல்லிக் கொடுத்தாள். கட்டையின் மேல்முனை கக்கத்தை அழுத்தக் கூடாது. மூன்று விரல் இடைவெளி வேண்டும். எடை முழுவதும் உள்ளங்கையில் இறங்க வேண்டும். கக்கத்தில் தொங்கினால் அங்கே ஓடும் நரம்பு நசுங்கி விரல்கள் மரத்துப்போகும். நான் தொங்கியிருந்தேன். சாயந்திரம் வரை என் சுண்டு விரலில் எறும்பு ஊர்ந்தது.

ஐந்தாம் நாள் வாக்கரோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். எங்கள் வீட்டுக்கு வெளிப்பக்கமாகப் பதினேழு படி. செல்வினோடு வேலை செய்கிற இரண்டு பேர் என்னைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கினார்கள். ஒன்பதாவது படியில் நாற்காலிக் கால் இடித்துச் சாய்ந்தது. கீழே முற்றத்துத் துணி துவைக்கும் கல் நேராகத் தெரிந்தது. "பிடிச்சாச்சி, பிடிச்சாச்சி" என்று அவர்கள் கத்தினார்கள். பிடித்துத்தான் இருந்தார்கள். ஆனாலும் மேலே வந்து கட்டிலில் கிடந்த பிறகும் என் கை நாற்காலிப் பிடியின் வடிவிலேயே மடங்கி இருந்தது.

வாக்கர் வார்டில் நன்றாக இருந்தது. அகலமான வார்டு, ஒரே சமமான தரை. வீட்டில் அறைக்கு அறை வாசல்படி. குளியலறைக் கதவோ வாக்கரைவிட ஒடுக்கம். முதல் இரண்டு நாள் மைனி தோள் கொடுத்தார். மூன்றாம் நாள் காலை அவர் கீழே பால் வாங்கப் போன நேரத்தில், நானே போய்விடலாம் என்று வாக்கரைப் பக்கவாட்டில் திருப்பி, கதவுக்குள் நுழைத்து, ஒற்றைக் காலில் தாண்டினேன். ஈர டைல்ஸ். வலது கால் வழுக்கியது. விழும்போது எதை ஊன்றக் கூடாதோ அதைத்தான் உடம்பு ஊன்றியது.

ஒரு கணம்தான். கட்டுப் போட்ட குதிகால் தரையில் இடித்த சத்தம் எனக்குக் கேட்டது. வலி முழங்கால் வரை ஏறியது. வலியைவிட என் நினைப்பில் ஓடியதெல்லாம் அந்த ஸ்குரூக்கள். வளைந்திருக்குமோ? ஆறு இருக்கின்றனவாமே, ஆறுமா?

அடுத்த அறையில் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த செல்வின் ஓடி வந்து தூக்கினார். திட்டவில்லை. முகம் வெளுத்திருந்தது. "ஆஸ்பத்திரிக்குப் போவம்," என்றார். நாற்காலி தூக்க ஆள் இல்லை. வாசலில் வந்து நின்று அந்தப் பதினேழு படியைப் பார்த்தேன். பிறகு, நிற்பதுதானே முடியாது, உட்கார முடியுமே என்று தோன்றியது. மேல் படியில் உட்கார்ந்தேன். இரண்டு கையையும் பக்கத்தில் ஊன்றி, வலது காலைக் கீழே வைத்து, இடுப்பைத் தூக்கி அடுத்த படியில் இறக்கினேன். அதற்குள் பாலோடு திரும்பியிருந்த மைனி எனக்கு முன்னால் குனிந்தபடி இறங்கி, இடது காலைக் குழந்தையை ஏந்துகிற மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார்.

"பைய மக்கா. பைய. அவசரமில்ல."

பதினேழு படியையும் அப்படியே இறங்கினேன். கீழ்வீட்டுச் சேச்சி கதவைத் திறந்து பார்த்துவிட்டு நாகரிகமாக மூடிக்கொண்டார். ஆட்டோவில் ஏறும்போது நைட்டி முழுக்கச் செம்மண். ஆனால் யாரும் என்னைத் தூக்கவில்லை. பயத்துக்கு நடுவிலும் அது எனக்குத் தெரிந்தது.

எக்ஸ்ரே எடுத்துக் காத்திருந்த நாற்பது நிமிடம் இந்த மொத்தக் கதையிலும் மோசமான நேரம். செல்வின் என் பக்கத்தில் உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் படத்தைப் பார்த்தார், பழைய படத்தைப் பக்கத்தில் வைத்தார், மறுபடி பார்த்தார்.

"அசையவில்லை," என்றார். "இந்தத் தடவை."

அஞ்ஜனாவை வரச் சொன்னார். நான் கதையைச் சொல்லி முடித்ததும் அவள் என் காலைப் பார்க்கவே இல்லை.

"காலின்டெ காரியம் டாக்டர் நோக்கிக்கோளும். எனிக்கு வீட்டின்டெ காரியம் பறயூ."

காலை டாக்டர் பார்த்துக்கொள்வார், எனக்கு வீட்டைப் பற்றிச் சொல்லுங்கள் என்கிறாள். அதுவரை யாரும் கேட்காத கேள்வி. செல்வின்தான் நிமிர்ந்தார். அவருக்கு இது தெரிந்த பாடம். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் வீட்டை வரைந்தார். ஹால், அடுக்களை, படுக்கை, குளியலறை. ஒவ்வொரு வாசல்படியும் இரண்டு இஞ்ச் உயரம். குளியலறைக் கதவு இருபத்திரண்டு இஞ்ச், வாக்கர் இருபத்தைந்து. படிக்கட்டில் கைப்பிடி ஏறும்போது வலது பக்கம் மட்டும். அளவு ஒன்றையும் அவர் யோசித்துச் சொல்லவில்லை.

அஞ்ஜனா அந்தச் சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு பேசினாள். எல்லா இடத்துக்கும் ஒரே துணை என்று தேடியதுதான் தப்பு என்றாள். சமதரைக்கு ஒன்று, படிக்கு ஒன்று, குளியலறைக்கு வேறு. எது நல்லது என்று கேட்கக் கூடாது, எங்கே நல்லது என்று கேட்க வேண்டும். படிக்கும் வாசல்படிகளுக்கும் முழங்கை ஊன்றுகோல் சரியாக இருக்கும்: கக்கத்துக்குப் போகாமல் முழங்கைக்குக் கீழே ஒரு வளையத்தில் நிற்பது. ஆனால் அதற்குக் கையில் பலம் வேண்டும். பலமில்லாதவர்களுக்குக் கொடுத்தால் ஆபத்து.

"நோக்காம்," பார்த்துவிடலாம் என்று என்னைக் கைவைத்த நாற்காலியில் உட்கார வைத்தாள். இரண்டு கையையும் ஊன்றி, உடம்பைக் காற்றில் தூக்கி, இறக்க வேண்டும். பத்து தடவை செய்தால் போதும்.

நான் தூக்கினேன். பதினான்கு வருடம், நெரிசலில் நுழைவதற்குப் பேருந்தின் மேல்கம்பியைப் பிடித்துத் தொங்கி, கூட்டத்துக்குள் உடம்பைச் செருகிப் போய்வந்த கைகள். பத்து ஆனது. பதினைந்து ஆனது. பக்கத்தில் சிகிச்சைக்கு வந்திருந்தவர்கள் எண்ணத் தொடங்கினார்கள்.

"மதி, சேச்சி, மதி!" போதும் என்று தடுத்தாள் அஞ்ஜனா.

இருபத்து மூன்றில் நிறுத்தினேன். அன்று காலையில் விழுந்தவள், மதியத்தில் அந்த அறையிலேயே பலசாலியாக உட்கார்ந்திருந்தேன். செல்வின் எல்லோருக்கும் கேட்கும்படி, "அவ கண்டக்டராக்கும்," என்றார்.

மறுநாள் ஊன்றுகோல் வாங்கக் கடைக்குப் போனோம். கடைக்காரர் பளபளக்கும் ஒரு ஜோடியை எடுத்து நீட்டி, இது வெளிநாட்டு மாடல் என்றார். நான் அதைத் தலைகீழாகத் திருப்பி அடியில் இருந்த ரப்பரைப் பார்த்தேன். வண்டியில் ஏறும் முன் டயரைப் பார்க்கிறவள் நான். ரப்பர் கெட்டியாக, கோடு எதுவும் இல்லாமல் மொழுக்கென்று இருந்தது.

"கொஞ்சம் தண்ணி கிட்டுமோ?" என்று கேட்டேன். குடிக்க என்று நினைத்து ஒரு டம்ளர் கொடுத்தார். கடையின் டைல்ஸ் தரையில் கொட்டினேன். ஊன்றுகோலை ஈரத்தில் வைத்து அழுத்தினேன். சர்ரென்று வழுக்கியது. அடுத்ததும் வழுக்கியது. மூன்றாவது, பார்க்கச் சுமாரான சாம்பல் நிற ஜோடி, அடியில் ஆழமான வரிகளோடு மெத்தென்ற ரப்பர். அது பிடித்து நின்றது.

"இதுதான்," என்றேன். செல்வின் தோள் துண்டால் தரையைத் துடைத்துவிட்டு, பொருந்துகிற ரப்பரில் இன்னும் இரண்டு ஜோடி கேட்டார். நின்றபடி கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டுக் கோடு வரும் உயரத்துக்குக் கைப்பிடியை வைத்துக் கொடுத்தார் கடைக்காரர். போகும்போது, இனி நானும் தண்ணீர் ஊற்றித்தான் விற்கப் போகிறேன் என்றார்.

குளியலறையைச் செல்வின் ஒரே நாளில் மாற்றினார். வீட்டுச் சொந்தக்காரரிடம் கேட்டுக்கொண்டு, கதவுக்கு உள்ளே சுவரில் ஒரு பிடிகம்பியும், கழிப்பறைப் பக்கம் இன்னொன்றும் அடித்தார். அடித்து முடித்து, தன் முழு எடையையும் அதில் தொங்கவிட்டுப் பார்த்தார். சொரசொரப்பான ரப்பர் விரிப்பு, உட்கார்ந்து குளிக்க அகலக்கால் ஸ்டூல். "வழுக்குற டைல்ஸ நானே எத்தன வீட்டுக்கு ஒட்டியிருக்கேன்," என்றார். "இனி பாத்ரூமுக்கு எவன் கேட்டாலும் ஒட்ட மாட்டேன்."

சமதரைக்கான துணை பிஜு மூலமாக வந்தது. அவன் மச்சான் கழக்கூட்டம் என்ற ஊரில் சாப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறான். மச்சானின் நண்பன் பந்து விளையாடிக் காலை உடைத்துக்கொண்டபோது வாங்கிய முழங்கால் ஸ்கூட்டர் சும்மா கிடந்ததாம். நாலு சின்னச் சக்கரம், ஒரு மெத்தை, முன்னால் பிரேக்கோடு ஹாண்டில். அடிபட்ட காலின் முழங்காலை மெத்தையில் மடக்கி வைத்து, நல்ல காலால் தள்ள வேண்டும். ஹாலில் ஏறி ஒரு தள்ளுத் தள்ளினேன். ஒரு மாதத்தில் முதல் தடவையாகக் காற்று முகத்தில் பட்டது. நான் சிரித்த சத்தம் கேட்டு மைனி அடுக்களையிலிருந்து ஓடி வந்தார்.

"மெதுவா, கிரேஸு! நீ கண்டக்டராக்கும், டிரைவர் இல்ல!"

அதுவும் குறையில்லாத பொருள் அல்ல. சடாரென்று திருப்பினால் கவிழப் பார்க்கும். வாசல்படி வந்தால் நின்றுவிடும். ஹாலுக்கும் அடுக்களைக்கும் நடுவே மட்டும் செல்வின் பலகையால் சின்னச் சரிவு வைத்துக் கொடுத்தார். முழங்காலை மெத்தையில் வைத்தபடி அடுப்பு முன் நிற்க முடிந்தது. இரண்டு கையும் விடுதலை. அன்று நான் வைத்த மீன்குழம்பை மைனி இரண்டு தடவை ஊற்றிக்கொண்டார். அதற்கு நாலாம் நாள், "இனி என்னத்துக்கு நான்?" என்று சொல்லிப் பையைக் கட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது, எனக்கும்தான். ஆனால் அவரைத் தடுக்கவில்லை.

ஆறாவது வாரம் படிகளில் நின்று இறங்கினேன். ஒரு கை கைப்பிடியில், மறு கையில் ஊன்றுகோல். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஊன்றுகோல் முதலில், மாற்றினால் விழுவோம். அஞ்ஜனா இதை எனக்கு அத்தனை தடவை சொல்லியிருந்தாள். கீழே முற்றத்தில் போய் நின்றபோது உடம்பெல்லாம் வியர்வை. கீழ்வீட்டுச் சேச்சி இந்த முறை கதவை மூடவில்லை. வெளியே வந்து கைதட்டினார்.

எட்டு வாரம் முடிந்து எடுத்த படத்தில் அந்தக் கறுப்பு இடைவெளி இல்லை. டாக்டர், இனி கொஞ்சம் கொஞ்சமாக எடை கொடுக்கலாம் என்றார். கொஞ்சம் என்றால் எவ்வளவு? அதற்கும் அஞ்ஜனா வழி வைத்திருந்தாள். எடை பார்க்கும் மெஷினைத் தரையில் வைத்து, அதன்மேல் இடது பாதத்தை மட்டும் வைத்து அழுத்தச் சொன்னாள். முள் பத்துக் கிலோவில் நிற்க வேண்டும். பாதம் அந்தப் பத்துக் கிலோவை மனப்பாடம் பண்ண வேண்டும். அடுத்த வாரம் இருபது. நான் தினமும் அந்த முள்ளோடு மல்லுக்கட்டினேன். முதல் நாள் பத்துக் கிலோவுக்கே பல்லைக் கடித்தேன். மெலிந்துபோன கெண்டைக்கால் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. மூன்றரை மாதம் முடிந்த வாரம், மொத்த அறுபத்தெட்டுக் கிலோவும் அந்தப் பாதத்தின் மேல் நின்றது.

பிறகு ஒரு கைத்தடி. இடது காலுக்குத் தடியை வலது கையில் பிடிக்க வேண்டும் என்று யாரும் நம்ப மாட்டார்கள். தெருவில் இரண்டு பேர் என்னை நிறுத்தி, கை மாறிப் பிடித்திருக்கிறீர்கள் என்றார்கள். நடக்கும்போது இடது காலும் வலது கையும்தானே ஒன்றாக முன்னால் போகின்றன, தடியும் அதோடு போகட்டும் என்று அவர்களுக்கு நின்று விளக்கினேன். எனக்கு இப்போது நேரமும் இருந்தது, நிற்கக் காலும் இருந்தது.

ஆறாம் மாதம், வேலைக்குத் தகுதி உண்டா என்று பார்க்கிற நாள். டாக்டர் அறையில் எதையும் பிடிக்காமல் நடந்தேன். குந்தி எழுந்தேன். கடைசியாக அவர், "இடது காலில் மட்டும் நின்று குதிகாலைத் தூக்குங்கள்," என்றார். மொத்த உடம்பும் அந்தத் தகட்டின் மேலும் ஸ்குரூக்களின் மேலும் ஏறி நிற்கிற வேலை அது. நான் வலது காலை மடக்கினேன். இடது குதிகால் தரையிலிருந்து எழுந்தது. அங்கேயே நிறுத்தினேன். அவர் இறக்கச் சொல்லும் வரை இறக்கவில்லை.

"ஆபீஸ் வேலைக்கு எழுதித் தரட்டுமா?" என்று கேட்டார். இந்த முறை அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது.

"போனக்காட்டுக்கு எழுதுங்க டாக்டர்."

முதல் நாள் டூட்டி. அடித்தளம் கெட்டியான புது ஷூ, உள்ளே பாதத்தின் வளைவைத் தாங்கும் ஒரு மெத்தை. விதுரை வரை உட்கார்ந்தும் நின்றும் போனேன். அங்கே கூட்டம் ஏறியது. அரசு ஆஸ்பத்திரிக்கு வந்து திரும்பும் தோட்டத்துப் பெண்கள், பள்ளிப் பிள்ளைகள், ஒரு அரிசி மூட்டை. என்னைக் கண்டதும் தோட்டத்துப் பெண் ஒருத்தி, "கண்டக்டரக்கா வந்தாச்சு!" என்று சத்தமிட்டாள். எழுந்து இடம் கொடுக்கப் பார்த்தாள்.

"உக்காரும்மா. சில்லறை எடு."

வண்டி மலை ஏறத் தொடங்கியது. முன்னிருந்து பின்னாக டிக்கெட் கொடுத்துக்கொண்டு போனேன். ஒரு கிழவருக்கு மீதி கொடுத்தேன், ஒரு பிள்ளையின் பாஸைப் பார்த்தேன், மூட்டை யாருடையது என்று சண்டை பிடித்தேன். கடைசி வரிசையில் முடித்துவிட்டு நிமிர்ந்தபோது வெளியே தேயிலை. வளைவுகள் எல்லாம் முடிந்துவிட்டிருந்தன.

போனக்காட்டில் எல்லோரும் இறங்கியதும் பிஜு இன்ஜினை நிறுத்திவிட்டு, கால் எப்படி இருக்கிறதோ என்ற கவலையோடு பின்னால் திரும்பினான்.

"சேச்சி, காலு எங்ஙனெயுண்டு?"

நான் டிக்கெட் மெஷினில் கணக்கைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்:

"எந்தக் காலு?"